விமரிசகர் பேனாவும் வெறும் நாற்காலியும்

1958 ஆம் ஆண்டு மே மாதம் 19 ஆந் திகதி திங்கட்கிழமை இரவு, இலண்டன் மாநகரின் ஹமர்ஸ்மித் பகுதியிலுள்ள லிரிக் அரங்கிலே புதிய நாடகம் ஒன்று மேடையேறியது. 'பிறந்தநாள் விருந்து' என்பது அதன் பெயர். எழுதியவர் ஹரோல்ட் பின்ரர் என்னும் இருபத்தேழு வயது நடிகர். சில வாரங்களுக்கு முன் வெளியூர் அரங்குகளில் நல்ல வரவேற்பைப் பெற்ற நாடகந்தான் அது. ஆயினும், மறுநாட் காலையில் வெளிவந்த தலைநகர்ப் பத்திரிகைகள் 'இஃது என்ன நாடகம், ஒன்றும் விளங்கவில்லையே' என்று கையை விரித்துவிட்டன.

வியாழக்கிழமைப் பகற் காட்சிக்குப் பின்ரர் சென்றார். மேல்மாடத்துக்கு ஏற முயன்றவரை அங்கு நின்ற பணிப்பெண் தடுத்து, மேல்மாடம் மூடப்பட்டுவிட்டது என்றாள். 'நான்தான் இந்நாடகத்தின் ஆசிரியன்' என்று அவர் சொன்னதும், அவள் இரக்கப்பட்டு உள்ளே விட்டாள். கீழே எட்டிப் பார்த்தால், விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே அமர்ந்திருந்தனர். சனிக்கிழமையோடு நாடகம் நிறுத்தப்பட்டது. எட்டுக் காட்சிகளுக்கும் சேர்த்துக் கிடைத்த வருமானம் 260 பவுணுக்குச் சற்று மேல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. 'சண்டே ரைம்ஸ்' பத்திரிகையின் நாடக விமரிசகர் ஹரோல்ட் ஹொப்சன் அந்நாடகத்தை வானளாவப் புகழ்ந்து எழுதியிருந்தார். இலண்டனிலே தோன்றியுள்ள எழுத்தாளருள் இவரைப் போன்ற தனித்தன்மையுடையவர் பிறர் இல்லை என்பது அவர் கருத்து. அதைப் படித்துவிட்டு அரங்கை நோக்கி எவரேனும் விரைந்திருப்பாராயின், பூட்டிய கதவைத்தான் கண்டிருப்பார். புகழ் வந்தது, ஆனால் ஒரு நாட் பிந்தி வந்தது.

நேயர்களே, நாடகத்தின் வாழ்வும் தாழ்வும் விமரிசகரின் பேனா முனையில் இருக்கின்றன என்று சிலர் கூறுவர். வேறு சிலர், எல்லாம் பருவகாலத்தின் செயல் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், இவ்விரண்டுக்கும் அடியிலே கிடக்கும் வேறொன்றை ஆராய்ந்தாலன்றி முழு உண்மையும் புலப்படாது.

சந்தையிலே மீன் விற்பவரை எடுத்துக்கொள்வோம். இன்று விற்காத மீனை உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கலாம். விலை குறைந்தாலும் முழு நட்டமில்லை. நாடக அரங்கின் நாற்காலியோ அத்தகையதன்று. இன்றிரவு திரை விலகும்போது வெறுமையாய்க் கிடக்கும் நாற்காலியை நாளைக்கு எவராலும் விற்க முடியாது. ஆனால் நடிகர்களின் சம்பளம், வாத்தியக்காரரின் சம்பளம், அரங்கின் வாடகை, விளம்பரச் செலவு ஆகியவை நாற்காலி நிறைந்தாலும் வெறுமையானாலும் குறைவதில்லை. ஆகவே நாடகத் தயாரிப்பாளர் ஒவ்வொரு வாரமும் ஒரு கணக்குப் பார்க்கின்றார்: இவ்வாரம் வந்த வரவு, இவ்வாரத்துச் செலவைத் தாங்குமா?

அமெரிக்காவின் நாடகத் தலைநகராகிய நியூயோர்க்கின் புரோட்வேயிலே இக்கணக்கு இன்னும் கடுமையானது. அங்கே அரங்கின் உரிமையாளர் ஒருவர். நாடகத்தின் தயாரிப்பாளர் வேறொருவர். இருவருக்குமிடையிலான ஒப்பந்தத்தில் வழக்கமாக ஒரு விதி இருக்கும். தொடர்ந்து இரண்டு வாரங்கள் வருமானம் குறித்த தொகைக்குக் கீழே இறங்குமாயின், அரங்கை விட்டு வெளியேறும்படி உரிமையாளர் நாடகத்தாரைக் கேட்கலாம். ஒரு குழுவின் பல மாத உழைப்புக்கும், பல குடும்பங்களின் பிழைப்புக்கும், இரண்டு மெலிந்த வாரங்கள் முடிவு கட்டிவிடக் கூடும்.

இனி, அந்த மெலிந்த வாரங்கள் எப்பொழுது வருகின்றன என்று பார்ப்போம். புரோட்வேயில் நத்தார்ப் பண்டிகைக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரமே பெரும்பாலும் ஆண்டின் உச்ச அறுவடை. வெளியூர்ப் பயணிகள் குடும்பத்தோடு வந்து குவிவர். புத்தாண்டு கழிந்ததும் ஊர் வெறிச்சோடிவிடும். வந்தவர்கள் வீடு திரும்பிவிடுவர். உள்ளூரார் பண்டிகைச் செலவின் கடனை அடைத்துக்கொண்டிருப்பர். வீதியிலே பனி கொட்டும். ஜனவரி மாதத்திலே பல நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுவது புரோட்வேயில் ஆண்டுதோறும் காணும் காட்சி. மறுபடியும் செப்டெம்பரில், பாடசாலைகள் திறந்து பயணிகள் குறைந்ததும், இன்னொரு தளர்ச்சி உண்டாகும்.

முற்காலத்தில் நிலைமை வேறு. குளிரூட்டும் பொறிகள் பரவுவதற்கு முன்னர் கோடை வெப்பமே நாடகத்தின் பெரும் பகை. அடைத்த மண்டபத்தில் வியர்த்துக்கொண்டு இருக்க யார்தான் விரும்புவர்? எனவே ஜூன் மாதம் பிறந்ததும் பல அரங்குகள் கதவைச் சாத்திவிடும். இன்று அதே கோடை, சுற்றுலாப் பயணிகளின் வருகையால் நல்ல விளைச்சற் காலமாகிவிட்டது. பருவத்தின் பலன், மக்கள் வாழும் முறை மாற மாற, தானும் மாறிக்கொண்டு போகின்றது.

விமரிசனத்தின் வலிமையும் எல்லா நாடகங்களின்மீதும் ஒரே வகையில் விழுவதன்று. பேர்பெற்ற நடிகர் எவரும் இல்லாத, பாட்டும் கூத்தும் இல்லாத, சிந்தனைக்குரிய நாடகத்தையே அது கூடுதலாகத் தாக்கும். ஏனெனில் அத்தகைய நாடகத்தைப் பற்றிப் பொதுமக்கள் அறிவதற்கு விமரிசனத்தை விட வேறு வழி குறைவு. பெரிய இசை நாடகங்களுக்கோ முன்விற்பனை என்னும் கவசம் உண்டு. 2003 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தொடங்கிய 'விக்கெட்' என்னும் இசை நாடகத்தை 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை பெரிதும் விரும்பவில்லை. இருபது ஆண்டுகள் கடந்த பின்னரும் அது புரோட்வேயில் நடந்துகொண்டே இருந்தது.

இலண்டனிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. விக்ரர் ஹியூகோவின் பெருங்கதையைத் தழுவிய 'லெ மிசராப்ள்' என்னும் இசை நாடகம் 1985 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 8 ஆந் திகதி பார்பிக்கன் அரங்கிலே தொடங்கியபொழுது, மறுநாட் பத்திரிகைகளிற் பல அதனைச் சாடின. நாடகத்தை நகரின் நடுவிலுள்ள வேறோர் அரங்குக்கு மாற்றுவதா, கைவிடுவதா என்று தயாரிப்பாளர் கமரன் மக்கின்ரொஷ் தயங்கினார். நிலைமையை அறிய அவர் சீட்டு விற்பனை நிலையத்தோடு தொலைபேசியிற் பேச முயன்றார். இணைப்புக் கிடைப்பதே அரிதாயிருந்தது. கிடைத்தபோது வந்த செய்தி, சீட்டுகள் ஆயிரக்கணக்கில் விலைபோகின்றன என்பதே! முன்னோட்டக் காட்சிகளைக் கண்டவர்கள் வாய்மொழியாகப் பரப்பிய புகழ், அச்சில் வந்த பழிப்பை முந்திக்கொண்டது.

பழிப்பைத் தந்திரத்தால் வெல்ல முயன்றோரும் உளர். 1961 ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில், டேவிட் மெரிக் என்னும் புரோட்வேத் தயாரிப்பாளரின் 'சப்வேஸ் ஆர் ஃபோர் ஸ்லீப்பிங்' என்னும் இசை நாடகம் மந்தமான விமரிசனங்களைப் பெற்றது. எதிரே நிற்பதோ ஜனவரி. மெரிக் தொலைபேசி விவரக் கொத்தைப் புரட்டி, நியூயோர்க்கின் ஏழு முக்கிய விமரிசகர்களின் பெயரையே கொண்ட ஏழு சாதாரண மனிதர்களைக் கண்டுபிடித்தார். அவர்களுக்கு விருந்தளித்து, நாடகத்தையும் காண்பித்து, அவர்கள் பெயரால் பாராட்டுரைகளைத் திரட்டி, 1962 ஜனவரி 4 ஆந் திகதி பத்திரிகையொன்றில் விளம்பரமாக வெளியிட்டார். சூழ்ச்சி விரைவில் வெளிப்பட்டது, ஊரெங்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பே விளம்பரமாகிவிட, நாடகம் 205 காட்சிகள் நடைபெற்றது.

இத்தகைய விளையாட்டு ஒருமுறைதான் செல்லும். விமரிசனமும் பருவமும் ஒருங்கே பகையான போதும் ஒரு நாடகம் பிழைத்த வரலாற்றை அறிய, 1922 ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். ஆன் நிக்கல்ஸ் என்னும் பெண்மணி எழுதித் தாமே தயாரித்த 'ஏபியின் ஐரிஷ் ரோஸ்' என்னும் நகைச்சுவை நாடகம், அவ்வாண்டு மே மாத இறுதியிலே, அதாவது கோடை வெப்பம் தொடங்கும் வேளையிலே, புரோட்வேயில் அரங்கேறியது. யூத இளைஞன் ஒருவனும் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்ணொருத்தியும் மணம் செய்ய, இரு தந்தையரும் எதிர்த்து நிற்பதே கதை. சில விமரிசகர்கள் அதனைக் கடுமையாக இகழ்ந்தனர். 'லைஃப்' என்னும் சஞ்சிகையின் விமரிசகர் றொபேர்ட் பெஞ்ச்லி வாரந்தோறும் நாடகப் பட்டியலில் அதற்கு ஒரு குத்துமொழி எழுதிவந்தார்.

நிக்கல்ஸ் அம்மையார் பின்வாங்கவில்லை. சூதாட்டத்திற் பேர்போன செல்வந்தர் ஒருவரிடம் கடன் பெற்றார். குறைந்த விலைச் சீட்டு விற்போர் வாயிலாக நாற்காலிகளை நிரப்பினார். கோடை கழிந்தது. பார்த்தவர் சொல்லக் கேட்டுப் பாராதவர் வந்தனர். அந்நாடகம் 1927 வரையில் 2,327 காட்சிகள் நடைபெற்றது. பாவம், பெஞ்ச்லி! அதனைப் பற்றி எழுதப் புதிய வசைமொழி தேடியே அவர் களைத்துப்போனார்.

அவ்வம்மையார் கையாண்ட வழியே பிற்காலத்தில் ஓர் ஏற்பாடாக வளர்ந்தது. 1973 ஆம் ஆண்டிலே நியூயோர்க்கின் ரைம்ஸ் சதுக்கத்தருகே, அன்றைய காட்சிக்கு எஞ்சிய சீட்டுகளைப் பாதி விலைக்கு விற்கும் சாவடி திறக்கப்பட்டது. 1980 இல் இலண்டனும் அதனைப் பின்பற்றியது. 2011 முதல் புரோட்வேயிலே, குளிர்கால மந்தத்தின்போதும் செப்டெம்பர் மந்தத்தின்போதும், ஒரு சீட்டின் விலைக்கு இரு சீட்டு வழங்கும் சலுகைக் காலங்கள் வகுக்கப்பட்டன. கருவாடாக்க முடியாத மீனை மாலைச் சந்தையில் மலிவாகக் கொடுப்பது போன்றது இது. நாற்காலி நிறைவது மட்டுமன்று இதன் பயன். நிறைந்த நாற்காலி ஒவ்வொன்றும் மறுநாள் பேசும் ஒரு வாயாகின்றது.

ஆகவே, விமரிசனம் நாடகத்தின் இறுதித் தீர்ப்பன்று. பருவமந்தம் அதற்கு விதித்த மரண தண்டனையுமன்று. கண்டவர் மனத்திற் பதிந்தது காணாதவர் செவிக்குச் சென்று சேரச் சில வாரங்கள் தேவை. அவ்வாரங்களைக் கடக்கக் கையிலே பொருளும் நெஞ்சிலே உரமும் உள்ள நாடகம் பிழைக்கும். இல்லாதது, எத்துணைச் சிறந்ததாயினும், மடியும்.

பின்ரர் பிழைத்துக்கொண்டார். 1960 இல் அவருடைய 'காவலாளி' நாடகம் இலண்டனில் வெற்றி பெற்றது. அவ்வாண்டிலேயே 'பிறந்தநாள் விருந்து' தொலைக்காட்சி வாயிலாகப் பெருந்தொகையான மக்களைச் சென்றடைந்தது. 2005 இல் அவருக்கு இலக்கியத்துக்கான நொபெல் பரிசும் கிடைத்தது. ஆனால் பிந்தி வந்த ஒரு பாராட்டுக்கூட இல்லாமல், ஒரு வாரத்தோடு கதவடைத்துப்போன நாடகங்கள் எத்தனையோ! நல்ல நாடகமொன்றைக் கண்டவர், அதனை அயலவருக்கு அன்றே எடுத்துச் சொல்வாராக. ஞாயிற்றுக்கிழமை வரும்வரையிற் காத்திருந்தால், அரங்கின் கதவு மூடப்பட்டிருக்கக் கூடும்.