யப்பானுக்குப் போகமுன்



வேலை விசயமாக யப்பான் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்டது, சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்றுதான். நான் போவதே அவர்களுடைய சாப்பாட்டைப் பற்றிப் பேச.

நோர்வேயின் மேற்குக் கரையில் ஒரு சிறிய மீன் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் மக்கரல் மீனில் பெரும்பங்கை வாங்குவது ரோக்கியோவில் உள்ள ஒரு நிறுவனம். இருபது வருடமாக அங்கே போய்வந்த நோர்வேஜியர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய ஆளைச் சந்தித்துப் பேசிய பிறகுதான் இந்தப் பருவத்து ஒப்பந்தம் என்கிறார்கள். அந்தப் புதிய ஆள் நான்.

1987 இல் நாங்கள் பின்மார்க் மீன் தொழிற்சாலைகளுக்கு வந்தபோது நோர்வேயைப் படித்துவிட்டு வரவில்லை. குளிரையும் மொழியையும் பட்டுத்தான் பழகினோம். இந்த முறை எனக்கு மூன்று மாத அவகாசம் கிடைத்திருக்கிறது.

நான் முதலில் தேடியது, எங்கள் மீனை அவர்கள் ஏன் வாங்குகிறார்கள் என்பதை. சல்மன் கதை வேடிக்கையானது. இன்று சூஷி என்றால் சல்மன் இல்லாத தட்டு இல்லை. ஆனால் முன்பு யப்பானியர் சல்மனைப் பச்சையாகத் தின்னமாட்டார்கள். பசிபிக் கடல் சல்மனில் புழு இருக்கும் என்று உப்புப் போட்டுச் சுட்டே சாப்பிட்டார்கள். 1985 இல் நோர்வேயின் மீன்பிடி அமைச்சர் தோர் லிஸ்தாவ் ஒரு குழுவோடு அங்கே போனார். வளர்ப்புச் சல்மனைப் பச்சையாக உண்ணலாம் என்று நம்பவைக்க ஏறக்குறையப் பத்து வருடம் பிடித்தது. ஒரே சந்திப்பில் கையெழுத்து வாங்கிவரலாம் என்று நினைக்கும் எங்கள் இளம் முதலாளிக்கு இதைத்தான் சொன்னேன்.

எங்களுக்கு ரின்மீனாகத் தெரிந்த மக்கரலை அவர்கள் 'சபா' என்கிறார்கள். இலையுதிர் காலத்தில் பிடிபடும் கொழுப்பேறிய மீனுக்குத்தான் மதிப்பு. இன்னொன்று: அவர்களுடைய சூப்புக்கு அடிப்படையான 'கட்சுவோபுஷி', சூரை மீனை அவித்துப் புகையூட்டிக் காயவைத்தது. எங்கள் மாசிக்கு நெருங்கிய சொந்தம்! சாப்பாட்டுப் பயம் அன்றோடு போய்விட்டது.

பேச்சுமுறையிலும் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்கள் 'ஹாய்' என்றால் சம்மதம் என்று நோர்வேஜியர் எழுதிக்கொள்வார்கள். பல வேளைகளில் அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். தொலைபேசியில் நாங்கள் "ஓம், ஓம்" என்பது எதற்கு? அதேபோல, "அது கொஞ்சம் கடினம்" என்றால் முடியாது என்று அர்த்தம். கலியாணப் பேச்சில் "பாப்பம்" என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களுக்கு இது விளங்கும். விசிட்டிங் காட்டை இரண்டு கையாலும் வாங்கி, வாசித்து, மேசையில் வைக்கவேண்டும். உடனே சட்டைப்பையில் போடக்கூடாது.

ஒன்றை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போகப்போகிறேன். தமிழும் யப்பானிய மொழியும் உறவு என்ற பேராசிரியர் சுசுமு ஓனோவின் ஆய்வு. யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியினர் அவரோடு சேர்ந்து உழைத்தது எங்களுக்குப் பெருமைதான். ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. மீன் விலை பேசும் இடத்தில் அதற்கு இடமில்லை.

நாட்காட்டியையும் பார்க்கவேண்டும். அலுவலகம் குறித்துத் தந்த திகதி ஓகஸ்ட் 14. அது 'ஓபோன்' காலம், இறந்தவர்களை நினைத்து ஊருக்குப் போகும் நாட்கள். எங்கள் ஆடி அமாவாசையன்று ஒருவர் வியாபாரம் பேச வந்தால் எப்படியிருக்கும்? செப்டெம்பருக்கு மாற்றச் சொன்னேன்.

பெட்டி கட்டுவோருக்கு ஒரு சொல். வைத்தியர் எழுதிய மருந்து ஒரு மாத அளவுக்கு மேல் என்றால் முன்கூட்டியே அனுமதி எடுக்கவேண்டும். கோடீன் கலந்த நோ மாத்திரை, மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள் விடயத்தில் சட்டம் மிகக் கடுமை. நீரிழிவுக்காரர் இன்சுலினோடு வைத்தியரின் கடிதத்தையும் வைத்திருப்பது நல்லது. இறைச்சி கலந்த எதையும் கொண்டுபோகக்கூடாது. அக்கா பொரித்துத் தரும் மட்டன் றோல்சும் அதற்குள் அடக்கம்.

இனிக் கடவுச்சீட்டு. நோர்வேக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு 90 நாள்வரை விசா தேவையில்லை. என்னோடு வரவேண்டிய தம்பிக்கு அந்த வசதி கிடையாது. மீனின் கொழுப்பை அளந்து தரம் பிரிப்பதில் எங்களிடம் அவரை மிஞ்ச ஆளில்லை. கையில் இருப்பதோ அகதிகளுக்கான பயணப் பத்திரம். அதற்கு விசா எடுக்கவேண்டும். ரோக்கியோ நிறுவனம் அழைப்புக் கடிதமும் பொறுப்புக் கடிதமும் நாள்வாரியான பயண விபரமும் எழுதி அனுப்பவேண்டும். கூட வேலை செய்யும் நோர்வேஜியருக்கு இப்படியொரு வேலை இருப்பதே தெரியாது. நாங்கள்தான் கேட்டு வாங்கவேண்டும், அதுவும் நேரத்தோடு. கூச்சப்பட்டுக் கடைசிக் கிழமைவரை சொல்லாமல் இருந்து, பயணத்தையே இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

தம்பியின் விண்ணப்பம் போன திங்கட்கிழமை தூதரகத்துக்குப் போயிருக்கிறது. பதில் வரும்வரை இரண்டு பேருக்கும் ரிக்கற் எடுக்கவேண்டாம் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.