புகார் நகரின் பூத சதுக்கம்



நகரின் நடுவே மக்கள் கூடும் பொதுவிடத்தைத் தமிழ் மரபு எவ்வாறு கண்டது என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை சிறந்த சான்று. காவிரிப்பூம்பட்டினம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரு கூறாக விளங்கிற்று. கடலோரப் பாக்கத்தில் யவனரும் பரதவரும் கம்மியரும். அகநகரில் அரசரும் மறையவரும் பெருவணிகரும். இவ்விரு பகுதிகளுக்கும் இடையே மரநிழலில் அமைந்தது நாளங்காடி. பிரிந்து வாழ்ந்தோர் விலை பேசவேனும் சந்தித்த இடம் அது.

அந்நகரின் ஐவகை மன்றங்களையும் இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். வெள்ளிடை மன்றம் கள்வரை நாணச் செய்தது. இலஞ்சி மன்றமும் நெடுங்கல் மன்றமும் உடற்பிணியும் மனப்பிணியும் தீர்த்தன. பூத சதுக்கம் பொய்த்தவத்தோர், பொய்க்கரி கூறுவோர், புறங்கூறுவோர் உள்ளிட்ட அறுவகையினரைப் பாசத்தாற் பிணித்து உண்டது. பாவை மன்றத்துப் பாவையோ, அரசன் முறை பிறழ்ந்தால் வாய் திறவாமல் கண்ணீர் உகுத்தது.

இச்சதுக்கத்தில் கோவலன் நின்ற வரலாற்றை அடைக்கலக் காதையில் மாடலன் கூறுகிறான். பத்தினி ஒருத்தியின்மீது பொய்ப்பழி சுமத்தியவனைப் பூதம் பற்றியது. அவன் தாயின் துயர் பொறாத கோவலன், தன் உயிரைக் கொண்டு அவனை விடுமாறு வேண்டினான். பூதம் இசையவில்லை. மகனை இழந்தவளுக்கும் அவள் சுற்றத்தாருக்கும் கோவலன் பல்லாண்டு பொருள் ஈந்து காத்தான்.

அத்தகையவனே மதுரையில் ஒரு பொற்கொல்லனின் பொய்யுரையால் மடிந்தான். அங்கே பொய்யைத் தடுக்கப் பூதம் எழவில்லை, மன்னனும் ஆராயவில்லை. ஊரார் வருந்தினர், ஆயினும் சிலம்பேந்திச் சென்று அவையில் நீதி கேட்டவள் கண்ணகி ஒருத்தியே. பூதம் காவாத ஊரில் அக்காவல் மனிதரின் நாவைச் சார்ந்தது என்பதே காப்பியம் உணர்த்தும் செய்தி.

புகாரைக் கடல் கொண்டதென மணிமேகலை உரைக்கிறது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்துப் பூம்புகாரில் அச்சதுக்கத்தைக் காண இயலாது. கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கற் படகுத்துறையே பழைய நகரை நினைவூட்டுகிறது. எனினும் கவிஞர் கூடும் அவை ஒவ்வொன்றும் ஒரு சிறு மன்றமே. ஆரணியாற்றங்கரையில் பத்தாண்டுகள் நிலைத்த இவ்வட்டத்திற்கும் அது பொருந்தும். தகுதியில்லாப் பாடலை நட்புக்காகப் புகழ்வதும், நல்ல பாடலை அழுக்காற்றால் மறைப்பதும் பொய்க்கரியே. இங்கே பாசத்தோடு வரும் பூதம் இல்லை. ஆதலின் பாவை அழாதபடி பார்த்துக்கொள்ளும் கடமை அவையோர் அனைவருக்கும் உரியது.