மருந்து மீட்கும் ஆயுளும் புகை பறிக்கும் ஆயுளும்



இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் அறிஞர் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டிய ஆய்வு அதனை வெளிப்படுத்தியது. அந்நாளில் அத்தொற்றுக்கு நம் நாட்டில் மருந்து கிடையாது. தொற்று உறுதியானவருக்கு எஞ்சியவை எண்ணப்பட்ட ஆண்டுகளே என்று கருதப்பட்டது. அத்தகைய ஒருவர் பீடி பற்றவைத்தால் அதனைத் தடுக்கப் பிறருக்கு மனம் வராதது இயல்பே. இருக்கும் சிறு ஆறுதலையும் பறிப்பானேன் என்பது அக்காலத்து இரக்கம்.

இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மையங்களில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாக வழங்கப்படுகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எதுவாயினும், தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை என்பது 2017 முதல் நாட்டின் கொள்கை. 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் சுமார் 24 லட்சம் பேர். நாள் தவறாது மருந்து உட்கொள்பவரின் இரத்தத்தில் வைரஸ் சோதனைக்கு அகப்படாத அளவுக்கு அடங்குகிறது. அவர் முதுமை வரை வாழலாம் என எதிர்பார்க்கலாம். ஆகவே, பழைய இரக்கம் இன்று தீங்காக முடிகிறது.

டென்மார்க் காட்டும் கணக்கு

அனைவருக்கும் இலவச மருத்துவ வசதியுள்ள டென்மார்க் நாட்டில் சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது. 35 வயதுள்ள ஒருவர் எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுள் 5.1 ஆண்டுகள், புகைபிடித்தலால் இழப்பதோ 12.3 ஆண்டுகள் என்று அது கணக்கிட்டது. அதாவது, நல்ல சிகிச்சை கிடைத்தபின், நோயைவிடப் புகையே பெரிய எமனாகிறது.

இந்த எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்துதல் தகாது. நமது சூழலில் காசநோய் மிகுதி. சிகிச்சைக்கு மிகவும் தாமதமாக வருவோரும் உண்டு. ஆயினும் அவ்வாய்வின் படிப்பினை இங்கும் பொருந்தும். மருந்து சிறப்பாக வேலை செய்யுந்தோறும், புகையின் பங்கு பெரிதாகத் தெரியத் தொடங்கும்.

நுரையீரலின் காவல்

மூச்சுக் குழாய்களின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் இடையறாது அசைந்து, தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளுகின்றன. அவற்றையும் கடந்து உட்புகும் கிருமிகளை நுரையீரலில் உள்ள விழுங்கணுக்கள் உண்டு அழிக்கின்றன. புகை அம்மயிரிழைகளைச் செயலற்றதாக்குகிறது. விழுங்கணுக்களின் ஆற்றலையும் குறைக்கிறது. எச்.ஐ.வி. தாக்குவதும் இதே பாதுகாப்பு அமைப்பைத்தான். காவலாளியை ஒருபுறம் நோயும் மறுபுறம் புகையும் அடித்தால், வாயில் திறந்தே கிடக்கும்.

அவ்வாயிலில் நம் நாட்டில் முதலில் நுழைவது காசநோய். எச்.ஐ.வி. உள்ளோரின் மரணத்துக்கு முதன்மையான காரணம் அதுவே. புகைபிடித்தல் தனித்தே காசநோய் வாய்ப்பை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. நிமோனியா, நாட்பட்ட மூச்சடைப்பு, நுரையீரல் புற்றுநோய் ஆகியவையும் இதனைத் தொடர்கின்றன. மேலும், வைரஸ் அடங்கிய பின்னரும் உடலில் மெல்லிய அழற்சி நீடிப்பதால் இரத்தக் குழாய்கள் நலிகின்றன. புகை அந்நலிவை விரைவுபடுத்தி மாரடைப்புக்கு வழி செய்கிறது.

பீடி சிகரெட்டைவிடத் தீமை குறைந்தது என்ற எண்ணம் தவறு. பீடி இலை எளிதில் எரியாது. அணையாதிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியுள்ளது. மெல்லும் புகையிலையும் விலக்கன்று. 2016–17இல் நடந்த தேசிய ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் 28.6 விழுக்காட்டினர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்தினர். அவர்களுள் புகைப்போரைவிட மெல்லுவோரே மிகுதி. வாய்ப் புற்றுநோய்க்கு அது நேர்வழி.

கையருகே உள்ள வாய்ப்பு

தீமையை அறிந்தும் ஏன் விடுவதில்லை? நிக்கோட்டின் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே அன்று. தொற்றை வீட்டாரிடமும் சொல்ல இயலாது தனிமையில் அஞ்சி வாழ்பவருக்குப் பீடியே துணையாகிறது. ஆகவே, வெறும் கண்டனம் பயன் தராது.

பொதுமக்களுக்கான புகையிலை ஒழிப்புப் பணியில் பெரும் இடர்ப்பாடு, ஒருவரை மீண்டும் மீண்டும் சந்திக்க இயலாமையே. கூட்டு மருந்துச் சிகிச்சை மையத்தில் அந்த இடர்ப்பாடு இல்லை. மருந்து பெற அவர் குறித்த நாளில் தாமே வருகிறார். மருத்துவரும் ஆலோசகரும் அங்கேயே இருக்கின்றனர். அவர் மீது நம்பிக்கையும் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. செய்ய வேண்டியவை சில: வருகைதோறும் புகையிலைப் பழக்கத்தைக் கேட்டு அட்டையில் குறித்தல், அவரது நோயோடு தொடர்புபடுத்தி ஓரிரு நிமிடம் தெளிவாக அறிவுறுத்தல், நிறுத்துவதற்கு ஒரு நாளைக் குறித்தல், அடுத்த வருகையில் மறவாது விசாரித்தல். முதல் சில வாரங்களின் தவிப்பைத் தணிக்க நிக்கோட்டின் மெல்லும் மிட்டாயோ தோல் ஒட்டோ உதவும். அவை கூட்டு மருந்தின் செயலைக் கெடுப்பதில்லை. பிற மாத்திரைகளுள் சில கூட்டு மருந்தோடு முரண்படக்கூடும். எனவே அவற்றை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண்ணையும் ஒவ்வொரு மையத்திலும் கண்ணில் படுமாறு எழுதி வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை அவசியம். பழக்கத்தை விடாதவர் என்று ஒருவரை இகழ்வதும், சிகிச்சையில் பின்தள்ளுவதும் கூடாது. எச்.ஐ.வி. உள்ளோரிடம் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கடிந்துரைக்கு அஞ்சி ஒருவர் மையத்துக்கு வராமல் நின்றால், புகையும் நிற்காது, மருந்தும் நின்றுவிடும். ஒருமுறை விட்டு மீண்டும் தொடங்கியவரைத் தோற்றவராகக் கருதலாகாது. பலரும் சிலமுறை முயன்றபின்னரே வெல்கின்றனர்.

ஒரு நோயாளிக்கு வாழ்நாள் முழுவதும் மருந்தளிக்க அரசு பொறுப்பேற்றுள்ளது. நாள்தோறும் மாத்திரை உண்ணும் கட்டுப்பாட்டை அவரும் ஏற்றுள்ளார். இருவரும் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஆண்டுகள் புகையாகப் போகலாகாது. அதற்கான முதற்படிக்குப் புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. மருந்துச் சீட்டை நீட்டும் முன், “புகைபிடிக்கிறீர்களா?” என்று பரிவோடு கேட்கும் ஒரு கேள்வியே போதும்.