நடந்து வந்தவளுக்குத்தான் வழி தெரியும்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



இன்றைக்கு நாம் கடன், வட்டி பற்றிப் பேசவில்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் கடைசி ரயில் போன பிறகும், போக இடமில்லாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பற்றிப் பேசுகிறோம். சிக்குப் பிடித்த தலை, கையில் ஒரு மூட்டை, தனக்குத்தானே பேச்சு. பார்க்காதவங்க நம்மில் யாரும் இல்லை. டீ, பன் வாங்கிக் கொடுக்கிறோம். தொந்தரவு என்றால் வேறு ரயிலில் ஏற்றி விடுகிறார்கள். அது உதவி இல்லீங்க, அடுத்த ஊருக்குத் தள்ளி விடுவது.

அவங்களுக்கு மனநோய் மட்டும் இருப்பதில்லை. காலில் ஆறாத புண் இருக்கும், இரத்தசோகை இருக்கும், காசநோய் இருக்கலாம், சிலர் கர்ப்பமாகவும் இருப்பார்கள். ஆனால் ஆஸ்பத்திரி என்று சொன்னதும் எழுந்து ஓடி விடுவார்கள். கட்டிப் போட்டு இழுத்துப் போன அனுபவம் பலருக்கு உண்டு. நாம் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் நம்ப மாட்டார்கள். "நானும் இப்படித்தான் இருந்தேன், மாத்திரை சாப்பிட்டேன், இப்ப தூக்கம் வருது" என்று இன்னொரு பெண் சொன்னால் காது கொடுப்பார்கள்.

இது புதுசு இல்லை. 1993-ல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் சென்னையில் 'தி பேன்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். தெருவில் திரிந்த மனநோயுள்ள பெண்களுக்கான இல்லம் அது. அங்கே குணமானவர்களில் பலர் பிறகு அங்கேயே மற்றவர்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார்கள். வீட்டுக்குத் திரும்ப முடியாதவர்களுக்காக 2015-ல் 'ஹோம் அகெய்ன்' வந்தது. நாலைந்து பெண்கள், ஊருக்குள்ளேயே ஒரு வாடகை வீடு, அவங்களே சமையல், அவங்களே கடைக்குப் போவது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் இதை நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகச் சேர்த்தது. அமெரிக்காவில் பட்டாளத்திலிருந்து திரும்பி வீடில்லாமல் தெருவில் கிடக்கும் முன்னாள் வீரர்களுக்கும் இதே வழிதான். அதே நிலையிலிருந்து மீண்ட முன்னாள் வீரர்களையே அரசு சம்பளம் கொடுத்துத் துணைக்கு வைத்திருக்கிறது.

சரி, நம்ம ஊரில் அப்படி மீண்டவங்க எங்கே? நம்ம குழு வாசலில்தான் நிற்கிறாங்க! உறுப்பினராகச் சேர வந்த ஒரு பெண்ணை, "மாத்திரை சாப்பிடுறவளுக்குக் கடன் கொடுத்தா யார் கட்டுவா?" என்று ஒரு குழு திருப்பி அனுப்பியது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் எத்தனை பேர் நம்ம குழுக்களில் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்! மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். மாத்திரைக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. கூட யாரும் வராவிட்டால் இரண்டாவது மாதமே நின்று விடும். கூடப் போக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பிளாட்பாரத்துப் பெண்ணிடம் போனால் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. மூட்டையைத் தொடாதீங்க, அவங்களுக்கு வீடே அதுதான். பேரைக் கேளுங்க, சாப்பிட்டாங்களா கேளுங்க. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். தமிழ் புரியாவிட்டால் சிப்காட் லைன் வீடுகளில் இருக்கும் ஒடியா, இந்தி பேசும் பெண்களைக் கூட்டிப் போங்க. சொந்த பாஷையைக் கேட்டதும் ஊர்ப் பெயர் வாயில் வந்து விடும்.

போலீஸிடம் சொல்லவும் பயப்பட வேண்டாம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி அவங்களை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும், குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷன் பொறுப்பு. 14416-க்கு போன் செய்தால் இலவசமாகத் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.

திருப்பி அனுப்பப்பட்ட அந்தச் சகோதரி பிளாட்பாரத்துக்கு எங்களோடு வரச் சம்மதித்திருக்கிறார். அவரை எந்தக் குழு சேர்த்துக்கொள்ளும் என்று இன்றைக்கே தீர்மான நோட்டில் எழுதித் தாங்க.