உறவுச் சொல்லும் ஒரு பிடிச் சோறும்



பத்தாண்டுகளாகச் சொல்லைப் போற்றிவரும் அவை இது. அன்றாடச் சொற்களையே இழந்து மீண்டும் பெற்ற கெமர் மக்களைப் பற்றி இங்கே எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

கம்போடியாவுக்குச் செல்வோரில் பலர், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட்டைக் கண்டு திரும்புகின்றனர். கல்லைக் காண அது போதும்; மக்களைக் காண ஊர்ப்புறம் செல்லவேண்டும். மீகோங் ஆற்றில், கிராத்தியே நகருக்கு எதிரே உள்ள கோ திரோங் தீவு அத்தகையது. பம்பளிமாசு விளையும் அத்தீவில் ஊரார் தம் வீடுகளிலேயே பயணியரைத் தங்கவைக்கின்றனர்.

வீடு தூண்கள்மேல் நிற்கிறது. பகற்பொழுது அதன் கீழ்நிழலில் கழிகிறது. பேச்சுத் தொடங்குமுன் வயதைக் கேட்கின்றனர். முறை வைத்து அழைக்கவேண்டுமல்லவா? அண்ணனும் அக்காளும் 'போங்'. சிற்றப்பன் முறையினர் 'பூ'. சிற்றன்னை முறையினர் 'மீங்'. பாட்டனார் 'தா', பாட்டியார் 'யியாய்'. அடுத்த வினா, சோறுண்டாயிற்றா என்பது. உண்ணுதலைக் குறிக்கும் அவர்தம் அன்றாட வழக்கே 'ஞாம் பாய்', அதாவது சோறுண்ணல்.

உறவுச் சொல், வீட்டுச் சோறு என்னும் இவ்விரண்டையும் 1975 முதல் 1979 வரை நிகழ்ந்த கெமர் ரூஜ் ஆட்சி பறித்தது. உறவுமுறைச் சொற்களுக்கு மாற்றாக 'மித்' என்றே அழைக்கவேண்டும் என்றது. 'மித்ர' என்னும் வடசொல்லின் வழிவந்த அதற்கு நண்பர் என்பது பொருள். அன்பைச் சுட்டப் பிறந்த சொல் அச்சத்தின் சொல்லாயிற்று. வீட்டு அடுப்புகள் அவிந்தன. பொதுக்கொட்டிலில் அளந்து ஊற்றிய கஞ்சியே உணவாயிற்று. பசியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டோர் 15 முதல் 20 இலட்சம்வரை எனக் கணிக்கப்படுகிறது.

இதனை அறிந்தவர்க்கே, மூதாட்டி ஒருத்தி வந்தவரைச் 'சௌ', அதாவது பேரப்பிள்ளை, என்றழைத்துப் பாயில் அமர்த்திச் சோறிடுவதன் அருமை விளங்கும். அது வெறும் உபசாரமன்று, மீட்கப்பட்ட உரிமை.

புரட்டாசித் தேய்பிறையையொட்டி வரும் 'ப்சும் பென்' நாட்களில் இது மேலும் துலங்கும். 15 நாள் நிகழும் இவ்விழாவில், விடியுமுன் இருளில், இறந்தோர்க்கெனச் சோற்றுருண்டைகளை விகாரையைச் சுற்றி இடுகின்றனர். 'பென்' என்பது பிண்டமே. புதைத்த இடம் அறியப்படாத உற்றாருக்கும் அந்த ஒரு பிடிச் சோறு உண்டு.

கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்தின் வழிவந்தது. பிண்டமும் நமக்குப் பழகிய சொல். ஆயினும் இவற்றைக் கண்டு நமதே என மார்தட்டித் திரும்புவோர், அம்மக்களைக் கண்டவராகார். இருளில் சோறிடுவோர் முகத்தில் ஒளிப்படக் கருவியின் வெளிச்சத்தைப் பாய்ச்சுவோரும் அத்தகையரே. விருந்தினர்க்கு வேண்டுவன சில: முறைச் சொற்களைக் கற்றல், இட்டதை உண்ணல், தங்கியதற்குரிய தொகையைக் குறைக்காமல் கொடுத்தல், அந்த நான்காண்டுகளைப் பற்றித் துருவிக் கேளாதிருத்தல். சொல்லத் தோன்றும்போது அவர்களே சொல்வர். அப்போது செவிகொடுத்தல் வேண்டும்.

தொல்காப்பியர், புதியதாகப் புனையும் யாப்பிற்கு 'விருந்து' என்று பெயர் தந்தார். புதியவர் ஒருவர் வந்து அமரும்போது பழைய உறவுச் சொல்லும் புதிதாகிறது. சொல்லின் உயிர் அகராதியில் இல்லை. அழைக்க ஒரு நாவும் ஏற்க ஒரு செவியும் இருக்குமிடத்தில் இருக்கிறது. கவிஞர்க்கு இதனைவிட வேறு பாடம் வேண்டுவதில்லை.