மயக்கத்தை மறைக்க வேண்டாம்

(சங்கத்தின் மாதர் பிரிவுக் கூட்டத்தில் தோட்ட மாதர் தலைவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பின்னால் நிற்கும் ஆண்களும் முன்னால் வந்து உட்காருங்கள். பெண்கள் காரியம் என்று வெளியே போய்விடாதீர்கள். மலையில் ஒரு பிள்ளைத்தாச்சி விழுந்தால் தூக்க ஓடி வருவது நீங்களும்தான்.

என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது, ஐந்தாம் மாதம், கொழுந்து நிறுக்க மடுவத்தில் வரிசையில் நின்றேன். காலையில் வெறும் சாயத் தேத்தண்ணிதான் குடித்திருந்தேன். கொட்டாவி வந்தது. வேர்த்தது, காது அடைத்தது, கண் இருட்டியது. விழித்தபோது மண்ணில் கிடந்தேன். "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்றார் ஒருவர். வீட்டில் மாமி, "முனி அடிச்சிருக்கு" என்று திருநீறு பூசினார். எனக்கோ வேறு பயம். டிஸ்பென்சரிக்குப் போனால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும். ஆகவே மறைத்தேன். கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா கேட்டபோதும், "ஒண்ணுமில்லங்க" என்றேன். ஏழாம் மாதம் லயத்துப் படியில் மயங்கி விழுந்து கை முறிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் கெட்டித்தனம் அல்ல, அதிர்ஷ்டம்.

இந்த மயக்கம் ஏன் வருகிறது? கர்ப்பத்தில் இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. அதனால் இரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குகிறது. நெடுநேரம் நின்றால் இரத்தம் காலிலேயே தங்கிவிடும். வெயில், பசி, வலி, பயம் எல்லாம் சேர்ந்தால் சிலருக்கு இதயத்துடிப்பும் குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தம் ஒரு நொடி போதாமல் போகிறது. அவ்வளவுதான். முனியும் இல்லை, நடிப்பும் இல்லை. வயிறு பெரிதான பிறகு மல்லாந்து படுத்தாலும் மயக்கம் வரும். கர்ப்பப்பை, இதயத்துக்குத் திரும்பும் பெரிய இரத்தக் குழாயை அழுத்துவதே காரணம். இடப்பக்கம் சரிந்து படுத்தால் சரியாகும்.

கொட்டாவி, வேர்வை, குமட்டல், கண் இருட்டு இவைதான் முன்னறிவிப்பு. அப்போது வெட்கப்படாதீர்கள். கூடையை இறக்கிவிட்டு உடனே இடப்பக்கமாகப் படுங்கள். படுக்க முடியாவிட்டால் உட்காருங்கள். அதுவும் முடியாத இடத்தில் கால்களைப் பின்னிக்கொண்டு தொடையையும் கைகளையும் இறுக்குங்கள். எழும்பும்போது மெதுவாக எழும்புங்கள்.

பக்கத்தில் இருப்பவர்கள் தலைக்கயிற்றையும் இடுப்பில் கட்டிய படங்கையும் தளர்த்துங்கள். இடப்பக்கம் சரித்து, காலைக் கூடைமேல் உயர்த்தி வையுங்கள். நினைவு திரும்பும் முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூக்கி நிமிர்த்தி உட்கார வைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. சாதாரண மயக்கம் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடும்.

இன்னொன்று, நமது இரத்தச்சோகை. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிறோம். நாம் பறிக்கிற அதே தேயிலைச் சாயம் இரும்பு உடம்பில் சேராமல் தடுக்கிறது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேத்தண்ணி வேண்டாம். தண்ணீரோடு குடித்து, தேசிக்காய்ச் சாறோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொள்ளுங்கள். கல்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் எடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு மலைக்கு ஏறாதீர்கள். திரிபோஷவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் தாய் சாப்பிடட்டும்.

எல்லா மயக்கமும் சாதாரணமானது அல்ல. இரத்தப்போக்கு, வயிற்று வலி, நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், படபடப்பு ஆகியவற்றோடு வந்தால், வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென விழுந்தால், கை கால் இழுத்தால், கடும் தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் காத்திருக்காதீர்கள். சீக்கிரம் தெளியாவிட்டாலும் அப்படித்தான். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். சிறு வயதில் மூட்டுவாதக் காய்ச்சலோ இதய நோயோ இருந்தவர்கள், வீட்டில் இளவயதில் யாராவது திடீரென இறந்திருந்தால், அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது பிள்ளைக்கு நான் முதல் கிளினிக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அட்டையில் எழுதினார்கள். வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அந்த எழுத்தைக் காட்டி, "எனக்கு மயக்கம் வரும்" என்றேன். என்னை மல்லாத்திப் படுக்க வைக்கவில்லை. இடப்பக்கம் சரித்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், அழுத்தத்தை அடிக்கடி பார்த்தார்கள். ஊசி குத்தும்போது மயங்குகிறவர்கள் படுத்தபடி போடச் சொல்லிக் கேட்கலாம். சத்திரசிகிச்சை என்றால் முதுகில் போடும் ஊசியும் அழுத்தத்தை இறக்கும். ஆகவே மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பிறகு முதல் தடவை கழிவறைக்குத் தனியே போகாதீர்கள். இரத்தம் அதிகமாகப் போய்த் தலை சுற்றினால் படுத்தபடியே தாதியைக் கூப்பிடுங்கள்.

தோழர்களே, இது உடம்பின் விஷயம் மட்டுமல்ல. நம்மில் எத்தனை பேர் மலையில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறோம்? குடித்தால் ஒதுங்க இடமில்லை என்றுதானே? அந்தத் தாகமும் ஒருத்தியை மயங்கி விழ வைக்கும். மலைக்கு அருகே கழிவறையும் குடிநீரும் கேட்பது ஆடம்பரக் கோரிக்கை அல்ல.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் நமக்காக இருக்கிறது. பேறுகாலத்துக்கு முந்திய 3 மாதமும் பிந்திய 3 மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ கேடான வேலையில் ஒரு பெண்ணை வைக்கக் கூடாது. கர்ப்பத்தைக் காட்டி வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது. மயக்கம் வருகிறவளுக்குச் சரிவில் வேலை, பாரம் சுமக்கும் வேலை வேண்டாம் என்று வைத்தியரிடம் எழுதி வாங்குங்கள். அதைத் தோட்டத் தலைவரிடமும் காட்டுங்கள். மறுத்தால் சங்கம் பேசும். ஆனால் நீங்கள் சொன்னால்தான் சங்கத்துக்குத் தெரியும்.

அரைப் பேர் போனால் அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். என் மகள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அன்றைய அரைப் பேருக்காக அவளை இழக்கப் பார்த்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. நீங்கள் மறைக்காதீர்கள்.