விடுப்புப் பதிவேடும் 15ஆவது பிரிவும்

துறையின் மூத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமை உரையை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பெருமையாக இருக்கிறது, கொஞ்சம் படபடப்பும் இருக்கிறது.

தொழில்சார் மருத்துவ சேவை நோய் விடுப்பை எப்படிக் குறைக்கும் என்பது மாநாட்டுப் பொருள். ஆண்டுப் பரிசோதனை, இடுப்புவலிக்காரருக்குப் பணிமாற்றம், நீண்ட விடுப்பு முடிந்து வருபவருக்கு இலகுவான வேலை என்று எல்லாவற்றுக்கும் தனி அமர்வுகள் உண்டு. அவற்றை உரியவர்களிடம் விட்டுவிட்டு, நாம் புரட்டிப் பார்க்காத ஓர் ஆவணத்துக்கு வருகிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 161ஆவது உடன்படிக்கை, 1985. இந்தியா ஏற்புறுதி அளிக்கவில்லை என்பதால் நாமும் அதை ஒதுக்கிவிட்டோம். அதன் 15ஆவது பிரிவைப் படியுங்கள். தொழிலாளரின் நோயும் நோய் விடுப்பும் மருத்துவ சேவைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். வேலையிடத்து ஆபத்துக்கும் அவற்றுக்கும் தொடர்புண்டா என்று கண்டறிவதற்காக. விடுப்புக்குச் சொன்ன காரணம் மெய்யா என்று சரிபார்க்கும்படி நிர்வாகம் அந்த மருத்துவரைக் கேட்கக் கூடாது.

நண்பர்கள் சிலரோடு எனக்கு நெடுநாள் வழக்கு இதில்தான். ஆலை மருத்துவர் கண்டிப்பாக இருந்தால் பொய் விடுப்பு குறையும் என்று வாதிட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பை மதிக்கிறேன். ஆனால் விடுப்பு நாள்களைக் கூட்டினார்களே தவிர, ஆலையின் எந்தப் பிரிவில், எந்தக் கிழமையில் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

உதாரணத்துக்கு, நூற்பாலையில் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் பஞ்சுத் தூசி அதிகம். வார விடுமுறை கழிந்து வரும் முதல் நாள் நெஞ்சு இறுகும்; ஆரம்பக் கட்டத்தில் மறுநாளே தணிந்துவிடும். லங்காஷயர் ஆலைகளை ஆராய்ந்த ஷில்லிங் 1950களில் பிசினோசிஸ் என்ற இந்தப் பஞ்சுத் தூசி நோயைப் படிநிலைகளாகப் பிரித்தது இந்த முதல் நாள் இறுக்கத்தை வைத்துத்தான். நம் ஆலையில் ஒருவர் திங்கட்கிழமை இந்த இறுக்கத்தைச் சொல்லி லீவு கேட்டால், ஞாயிற்றுக்கிழமை குடித்திருப்பான் என்பார் மேஸ்திரி. கண்டிப்பான மருத்துவரும் ஆமோதிப்பார். செவ்வாய்க்கிழமை ஸ்டெதாஸ்கோப் வைத்தால் ஒன்றும் கேட்காது. முதல் நாள் ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொல்லியிருந்தால் மூச்சுக் குறைவு தெரிந்திருக்கும்.

இந்த நோயை டிஸ்பென்சரிச் சீட்டில் பிராங்கைட்டிஸ் என்று எழுதினால் ஈஎஸ்ஐயில் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. தொழில்நோய் என்று உறுதியானால் 90 சதவீதம், தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை. அந்த வித்தியாசம் தொழிலாளிக்கு நஷ்டம். ஆலைக்கும் நஷ்டம் உண்டு: தூசி எங்கே பறக்கிறது என்ற தகவல் அந்தச் சீட்டோடு போய்விடுகிறது. தேறியவரை மறுபடி அதே கார்டிங்குக்கு அனுப்புகிறோம். அவர் மறுபடி லீவு போடுகிறார்.

மருத்துவரைக் காவலுக்கு நிறுத்தினால் தொழிலாளி அவரிடம் இருமலை மறைப்பார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. நோய் முற்றிய பிறகு எடுக்கும் விடுப்பு மாதக்கணக்கில் நீளும். கண்டிப்பால் குறைந்ததாக நண்பர்கள் காட்டும் நாள்களோடு இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டாமா?

தீர்மானக் குழுவுக்கு என் வேண்டுகோள்: விடுப்பைச் சரிபார்க்கும் பொறுப்பிலிருந்து ஆலை மருத்துவரை விடுவிக்கக் கோருங்கள், பிரிவுவாரி, கிழமைவாரி விடுப்புப் பதிவை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நோயை உள்ளபடி எழுதத் தொடங்கினால் முதலில் விடுப்பு கூடவே செய்யும். அந்த உயர்வைக் காட்டி நிர்வாகம் மருத்துவ அறையை மூட முனைந்தால் நாம் என்ன சொல்லப் போகிறோம் என்பதை இன்று பிற்பகல் அமர்விலேயே பேசி முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.